எஸ்-இல் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்யலாமா?

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: ஜெர்சி சிட்டிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஆபீஸ் சாட்டில் தினமும் காலையில் ஆளாளுக்குப் பச்சை, மஞ்சள், சாம்பல் கட்டங்களாகப் போடுகிறார்கள், அது வேர்டில் (ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கும் தினசரி இணைய ஆட்டம்) என்று தெரிந்து நீங்களும் ஆடினால் ஆறு வாய்ப்பும் வீணாகப் போகிறது, அதனால் எஸ்-இல் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள், சி-யில் தொடங்குபவை என்று பட்டியல் எடுத்து மனப்பாடம் செய்யலாமா, அப்படியே ஆங்கிலமும் தேறுமே என்று. வேண்டாம். நான் செய்து பார்த்தவன், அதுவும் இரண்டு தடவை.

முதல் தடவை 2008-இல், கோயம்புத்தூரில் ஹாஸ்டல் மொட்டை மாடியில், அமெரிக்க மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்காக. 3,500 சொற்கள், அகர வரிசையில். ஆரம்பமே அபேஸ், அபேஷ், அபேட். மூன்றும் ஐந்தெழுத்து, மோனை வேறு, வாய்க்கு நன்றாகத்தான் இருக்கும். அபேஸ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது பஸ்ஸில் பர்ஸ் அபேஸ் ஆவதுதான், அதனால் 'தாழ்த்து' என்ற அர்த்தம் கடைசி வரை மண்டையில் ஏறவே இல்லை. இங்கே வந்த பிறகு அபேட் மட்டும் ஒன்றிரண்டு முறை புயல் செய்தியில் காதில் விழுந்தது. மற்ற இரண்டையும் யாரும் என்னிடம் பேசியதில்லை, நானும் யாரிடமும் பேசியதில்லை.

என் காலை வாரிவிட்டவை எல்லாம் எந்தப் பரீட்சையிலும் கேட்காத சொற்கள். எஸ் வரிசையிலேயே சொல்கிறேன். ஜெர்சி சிட்டியில் பழைய செங்கல் வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள், உன் பார்சலை ஸ்டூப்பில் வைத்திருக்கிறேன் என்றார். ஸ்டூப் என்றால் குனிவது என்றுதான் நான் படித்தது. எங்கே குனிய வேண்டும் என்று புரியாமல் வீட்டுக்குள் சோபாவுக்கு அடியில் எல்லாம் பார்த்துவிட்டு, சாயங்காலம் வெளியே போகக் கதவைத் திறந்தால் வாசல் படிக்கட்டில் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் நியூயார்க் ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் ஊர், 1664-இல்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஸ்டூப் அந்த டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். இந்தப் பக்கத்தில் வாசல் படிக்கு அதுதான் பேர்.

அப்புறம் ஸ்லஷ். முதல் குளிர்காலம், பனி கொட்டி இரண்டு நாள் கழித்து, நடைபாதை ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதோ கிடந்தது. தரை என்று நினைத்துக் காலை வைத்தேன், கணுக்கால் வரை உள்ளே போனது. பனி, உப்பு, சேறு எல்லாம் கலந்த பனிக்கூழ், தி. நகரில் வாங்கிய கான்வாஸ் ஷூ, ஆபீஸில் நாள் முழுக்க ஈர சாக்ஸ். ஸ்லீட்டும் அப்படித்தான். வானிலைச் செய்தியில் அந்தச் சொல்லைக் கேட்டால் இங்கே எல்லாரும் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள், நான் மட்டும் மழைதானே என்று உட்கார்ந்திருந்தேன். மழை இல்லை, ஐஸ் மணிகள், வண்டி பிரேக் பிடிக்காது.

இரண்டாவது தடவைதான் அசிங்கம். 2021 கடைசியில் வேர்டில் பரவி, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. எங்கள் டீமில் எல்லாரும் ஆடினார்கள், எனக்கும் ரோஷம். பட்டியலைத் தேடினேன். தொடக்கத்தில் இருந்த விடைகள் சுமார் 2,300, அதில் எஸ்-இல் தொடங்குபவை மட்டும் 366, எக்ஸ்-இல் ஒன்றுகூட இல்லை என்பதெல்லாம் அப்போது கற்றதுதான். அந்தப் பிப்ரவரியில் ஒருநாள், சி-யில் தொடங்கும் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டே முயற்சியில் முடித்துப் பெருமையாகப் போட்டேன். விடை கால்க். மதியம் ஒரு சக ஊழியர், வீட்டில் பாத்ரூம் வேலை நடக்கிறதா, இவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டாயே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எந்த பாத்ரூம், என்ன வேலை? எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தமே தெரியாது. பேந்தப் பேந்த விழித்தேன், அவருக்குப் புரிந்துவிட்டது. அதுவரை வாடகை வீடு, எது ஒழுகினாலும் வீட்டுக்காரர் ஆள் அனுப்புவார். அடுத்த வருஷம் சொந்த வீடு வாங்கி, குளியல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டுத் தண்ணீர் கீழ்த்தளத்துக்கு இறங்கிய பிறகு, அந்த வெள்ளைப் பசை ட்யூபை மண்டி போட்டு நானே பிதுக்கி விரலால் வழித்தேன். இனி கால்க் மறக்குமா? (ஆபீஸில் சொல்லும்போது அந்த எல்-ஐக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேறொரு கெட்ட வார்த்தையாகக் காதில் விழும்.)

ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இதில் விழுகிறார்கள் என்பது ஒரு ஆறுதல். 2022 மே மாதம் ஹோமர் என்று ஒரு விடை வந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் ஹோம் ரன்னுக்கு (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அமெரிக்கர்கள் சொல்வது. அமெரிக்காவுக்கு வெளியே பலர் கொதித்துப்போய் அகராதியைத் திறந்தார்கள், கேம்பிரிட்ஜ் அகராதி அதையே அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

சரி, ஆடவேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் ஆடுங்கள். ஸ்லேட், கிரேன் மாதிரி அடிக்கடி வரும் எழுத்துகள் உள்ள சொல்லில் தொடங்குங்கள், தோற்றால் தோற்ற கட்டத்தையே போடுங்கள். நான் இரண்டில் முடித்த நாட்களில் ஒரு கட்டைவிரலோடு சரி. தோற்ற நாட்களில்தான் பக்கத்து சீட்டிலிருந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பேசினார்கள். விடையை மட்டும் சாயங்காலம் வரை சாட்டில் உளறிவிடாதீர்கள், அதற்குக் கோபப்படுவார்கள். தெரியாத சொல் வந்தால் அர்த்தத்தை அகராதியில் பார்ப்பதைவிட யாரையாவது கேளுங்கள், தாங்கள் வீடு ரிப்பேர் செய்த கதை முழுவதையும் சொல்வார்கள்.

அப்புறம், நவம்பர் முடிவதற்குள் முழங்கால் உயரத்துக்கு ஒரு ரப்பர் பூட்ஸ் வாங்கிவிடுங்கள்.