அப்பா ரீவியைப் பார்த்து எடுத்த ராக்கெட் படங்களை வைத்திருப்பதா, வீசுவதா?

வீசாதீர்கள். ரீவித் திரையில் ஓடிய விண்வெளிப் பயணங்களை அப்பா படம் பிடித்து வைத்திருக்கிறார், எல்லாம் மங்கல், நாசாவிடமே தெளிவானவை இருக்கும்போது இவற்றை ஸ்கேன் செய்து பகிர்ந்து என்ன பிரயோசனம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு ஆல்பமும் அலுமாரியின் அடித்தட்டில்தான் கிடக்கும். முதலில் அதைத் தூக்கி மேலே வையுங்கள்.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்குக் கிட்ட. 1986 ஜனவரி 28 அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பி 73 விநாடியில் சிதறியபோது இங்கே இரவு பத்து மணி தாண்டிவிட்டது. மறுநாள் ரேடியோவில் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறந்த ஏழு பேரில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளிக்கூட ரீச்சரும் ஒருவர், அப்பாவும் வாத்தியார். அன்றிரவு ரீவிச் செய்திக்கு முன்னமே கதிரையில் நாலு புத்தகத்தை அடுக்கி, மேலே தன் ரஷ்யக் கமரா ஸெனித்தை வைத்து, லைட்டை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். உள்ளே இருந்தது அக்காவின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கிய கலர் ரோல். “எல்லாத்தையும் ரொக்கட்டுக்கே முடிச்சிட்டு, மறுகா பிள்ளைக்கு என்ன செய்யப் போறீங்க?” என்று அம்மா குசினி வாசலில் நின்று ஏசினா. ஐந்து படம் எடுத்தார்.

ஐந்திலும் சாய்வாக ஒரு கறுத்த பட்டை. ரோல் பழுது என்றார் ஸ்டூடியோக்காரர். அதுவல்ல. பழைய ரீவி விநாடிக்கு 50 தடவை மேலிருந்து கீழே கோடு இழுக்கும். அந்தக் கமராவின் ஆகக் குறைந்த ஷட்டர் வேகம் 1/30 விநாடி, அதாவது ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருக்கும் (விரும்பிய நேரம் திறந்து வைக்கும் பல்ப் முறையை விட்டுவிட்டேன், கமராக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்). அதற்குள் திரையின் பெரும்பகுதியில் இரண்டு தடவை கோடு விழும், மிச்சத்தில் ஒரு தடவைதான். அந்த இடம் கறுக்கும். கமராவின் ஷட்டர் துணி பக்கவாட்டில் ஓடுவதால் பட்டை சாய்கிறது. உங்கள் படங்களிலும் இருந்தால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம்.

2004 சுனாமியில் ஆல்பம் போய், இரண்டு நாள் கழித்து அடுத்த வளவு வேலியில் கிடைத்தது. நான் செய்த மடத்தனம், அப்படியே வெயிலில் காயப்போட்டேன். சேறும் படமும் ஒன்றாக ஒட்டி நாலு படம் உரிந்து நாசம். நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, ஈரத்தோடே ஒன்றொன்றாகப் பிரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும். பிரேம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

மிஞ்சிய ஒன்றில்தான் எங்கள் பழைய முன்னறைச் சுவர் தெரிகிறது. வீடு இருந்ததற்கு அத்தாட்சி கேட்ட ஒரு அலுவலகத்தில் அதையும் காட்டினேன். “இதில ரீவிதானே தெரியுது” என்றார் அந்த ஐயா. ஆறு தடவை நடந்தேன், அது வேறு கதை.

நாசாவிடம் தெளிவானது இருக்கும் என்கிறீர்களே, மனிதர் முதன்முதல் நிலவில் இறங்கிய அப்போலோ 11 பயணத்தில் நிலவிலிருந்து அனுப்பிய காட்சியின் மூல நாடாக்களை அவர்களே அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டதாக 2009இல் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியில் ஒரு பகுதி, அவுஸ்திரேலிய நிலையத்தில் வேலை செய்த எட் வான் ரெனோர்ட் மொனிட்டருக்கு நேரே சின்ன சூப்பர் 8 சினிமாக் கமராவைப் பிடித்து எடுத்ததால் மிஞ்சியது. அவரும் உங்கள் அப்பா செய்ததைத்தான் செய்தார்.

இன்னொன்று. தயவு செய்து படத்தைத் தெளிவாக்கும் செயலிகளில் போடாதீர்கள். நல்லெண்ணத்தோடுதான் மருமகன் எங்கள் படத்தைப் போட்டான். கோடுகள் போயின, பட்டை போயிற்று, புகை இரண்டாகப் பிரிவது பளிச்சென்று வந்தது. குடும்பக் குழுவில் எல்லாரும் இதயம் போட்டார்கள். திரைக் கண்ணாடியில் குசினி வெளிச்சத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்ற அம்மாவின் நிழலையும் அது கறை என்று துடைத்துவிட்டிருந்தது. நல்ல காலம், முதல் ஸ்கேன் என் பென் டிரைவில் இருந்தது.

ஆகவே 600 டிபிஐ (ஸ்கேனரில் தெரிவு செய்யும் நுணுக்க அளவு) வைத்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்து தொடாமல் வையுங்கள். ரீவிப் பெட்டி, மேலே விரித்த துணி, எதையும் வெட்ட வேண்டாம். வாட்ஸ்அப்பில் டொக்யுமெண்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். எந்தப் பயணம், எந்த வீடு, யாருடைய ரீவி என்று அப்பாவிடம் இந்தக் கிழமையே கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். நான் கேட்க நினைத்தபோது அப்பா இல்லை.