பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தைத் திணிக்காமல் கொடுப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மகளுக்கு ஏழு வயது, மனப்பாட வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்குகிறாள். மகனுக்குப் பதினாலு, குடும்ப ஜெபத்தில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். விசுவாசத்தையும் அதோடு வரும் வாழ்க்கைப் பார்வையையும் இவர்களுக்கு எப்படிக் கொடுப்பது, சொல்லிக்கொடுப்பதே திணிப்பு ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறார்.

திணிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். "பெரியவனானதும் அவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்" என்று மதத்தை ஒதுக்கி வைக்கிற பெற்றோர் படிப்பையும் பணத்தையும் அப்படி ஒதுக்கி வைப்பதில்லை. எதை மதிக்க வேண்டும், எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று எல்லா வீடும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே கொடுக்கலாமா என்ற கேள்வியில் எனக்குக் குழப்பமில்லை. கொடுக்கிற விதத்தில்தான் பலரும் தடுமாறுகிறோம்.

வேதாகமத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி வரும் பகுதிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பல இடங்களில் பேச்சைத் தொடங்குவது பிள்ளைதான். யாத்திராகமம் 12-ல், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையைப் பற்றிக் கட்டளை வருகிறது. உடனே, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று வருகிறது. யோசுவா 4-ல் இஸ்ரவேலர் யோர்தானைக் கடக்கும்போது நதிக்குள்ளிருந்து 12 கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டுகிறார்கள். எதற்கு? பிற்காலத்தில் பிள்ளைகள் பார்த்துவிட்டு இந்தக் கற்கள் ஏது என்று கேட்பதற்கு. உபாகமம் 6-ல் கட்டளைகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் உட்காரும்போதும் நடக்கும்போதும் பேசு என்ற வசனத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே அதிகாரத்தின் 20-ஆம் வசனம்வரை போகிறவர்கள் குறைவு. அங்கேயும் நாளைக்கு உன் மகன் கேட்கும்போது என்றுதான் இருக்கிறது.

அப்படியானால் பெற்றோருக்கு இரண்டு வேலை. பிள்ளை 'இது என்ன?' என்று கேட்கிற மாதிரி ஏதாவது ஒன்று வீட்டில் கண்ணுக்குத் தெரிய நடக்க வேண்டும். கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்க வேண்டும். நாம் முதல் வேலையை விட்டுவிட்டு, யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலை ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பதில் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உபாகமம் 6-ல் மகன் கேட்பது கட்டளைகளைப் பற்றி. தகப்பன் விளக்கவுரை கொடுப்பதில்லை. நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம் என்று கதை சொல்ல ஆரம்பிக்கிறான்.

எங்கள் வீட்டில் சம்பளம் வந்ததும் முதலில் காணிக்கைக்கான பணம் ஒரு கவருக்குள் போகும். அது சாப்பாட்டு மேசையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நடக்கும். கவர்மேல் மாதத்தின் பெயரை என் மனைவி எழுதுவார். மகள் சின்னவளாக இருந்தபோது, "கடவுளுக்கு எதுக்குப்பா பணம்?" என்று கேட்டாள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிற தசமபாகத்தைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. அவள் பிறப்பதற்கு முன் எனக்கு வேலை போன சமயத்தில், சபையில் சிலர் எங்கள் வாடகையைக் கட்டின கதையைச் சொன்னேன். யாரெல்லாம் கட்டினார்கள், அம்மா அப்போது என்ன சொன்னாள் என்று கேள்விமேல் கேள்வி வந்தது. அடுத்த மாதத்திலிருந்து கவரில் மாதத்தை எழுதுவது அவள் வேலையாகிவிட்டது.

வினாவிடை முறையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1528-ல் சாக்சனி பகுதிச் சபைகளைப் போய்ப் பார்த்தபோது, மக்களுக்கு அடிப்படைகூடத் தெரியவில்லை என்று கண்டு மனம் நொந்தார். அடுத்த வருஷமே சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை நூலை எழுதினார், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தலைப்பும் போட்டு. ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் 'இதன் அர்த்தம் என்ன?' என்று கேட்கும். பஸ்கா பந்தியில் பிள்ளை கேட்ட அதே கேள்வி. பிற்காலத்தில் என்ன ஆயிற்றென்றால், பதிலோடு சேர்த்துக் கேள்வியையும் மனப்பாடம் பண்ண வைத்துவிட்டோம். உங்கள் மகளின் மனப்பாட வசனங்கள் வீணில்லை. அவை பின்னால் உதவும். பரிசு வாங்கியதும் வேலை முடிந்தது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி வந்தால் அது நமக்கு வசதியான கேள்வியாகவே வரும் என்று சொல்ல முடியாது. என் மகன் ஒருநாள் இரவு விளக்கை அணைத்த பிறகு, தன் நெருங்கிய நண்பனின் பெயரைச் சொல்லி, "அவன் இயேசுவை நம்பலையே, அவன் நரகத்துக்குப் போவானாப்பா?" என்று கேட்டான். இந்த இடத்தில் இரண்டு பதில் சுலபமாக வாயில் வரும். 'ஆமாம், அதனால்தான் நீ அவனுக்குச் சொல்ல வேண்டும்' என்பது ஒன்று. அது பிள்ளையின் தலையில் சுமக்க முடியாத பாரத்தை வைப்பது. 'அதெல்லாம் ஒன்றுமில்லை, தூங்கு' என்பது இன்னொன்று. நாம் ஞாயிற்றுக்கிழமை பாடுவதை நாமே நம்பவில்லை என்று அவன் புரிந்துகொள்வான். கடவுள் அழிக்கவிருந்த சோதோம் நகரத்துக்காக ஆபிரகாம் அவரிடம் பேரம் பேசிய கதையை நான் சொன்னேன். சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கடவுளிடமே கேட்டான், கடவுள் கோபித்துக்கொள்ளவில்லை. நீயும் அவரிடம் உன் நண்பனுக்காகப் பேசலாம், தீர்ப்பு நம் கையில் இல்லை என்றேன். அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் அவன் அடுத்த கேள்வியையும் என்னிடமே கொண்டுவந்தான்.

'பார்வை' என்று நீங்கள் கேட்டது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கிறிஸ்தவப் பார்வை என்றதும் பலர் பரிணாமத்துக்கு எதிரான வாதங்களை அடுக்கத் தொடங்குவார்கள். ஆதியாகமத்தின் ஆறு நாட்களை 24 மணி நேர நாட்களாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளரான அகஸ்டினே யோசித்திருக்கிறார். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-ல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்க குருவானவர். அறிவியல் பாடத்தைக் கண்டு பிள்ளை மிரளத் தேவையில்லை என்பதற்கு இதுவே போதும். பார்வை உருவாவது வேறு இடத்தில். மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்று ஞாயிறு பள்ளியில் சொல்வதைப் பிள்ளை கேட்கிறான். வீட்டிலோ தினமும் மதிப்பெண் பேச்சு, கூடப் படிக்கிற மந்தமான பையனைப் பற்றி ஒரு நக்கல். அவனுக்குள் தங்குவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் போதகரைக் கிழித்துத் தோரணம் கட்டுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-லிருந்து 35 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பங்களைத் தலைமுறை தாண்டிப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பெற்றோரின் பக்தி மட்டும் போதவில்லை, பிள்ளையோடு இருந்த பாசமான உறவு, குறிப்பாகத் தகப்பனின் நெருக்கம், நம்பிக்கை கைமாறுவதில் பெரிய பங்கு வகித்தது என்பது அவர் கண்டது. பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகும்படி அவர்களைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பவுல் தகப்பன்களைப் பார்த்து எழுதியதும் நினைவுக்கு வருகிறது.

இத்தனையும் செய்தாலும் உத்தரவாதம் கிடையாது. நடக்கவேண்டிய வழியிலே பிள்ளையை நடத்து, முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான் என்ற நீதிமொழியைக் காட்டி, பிள்ளை விலகிப்போன பெற்றோரைக் குத்துகிறவர்கள் வேதாகமத்தில் வரும் ராஜாக்களின் வரலாற்றையும் படிக்க வேண்டும். நல்ல ராஜா எசேக்கியாவுக்குப் பொல்லாத மனாசே. மனாசேயின் வழியிலேயே போன ஆமோனுக்குப் பக்தியுள்ள யோசியா. தீர்க்கதரிசி சாமுவேலின் மகன்கள் லஞ்சம் வாங்கினார்கள்.

கடைசியாக, உங்கள் மகன். குடும்ப ஜெபத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான். அவனை ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். யோபு, பிரசங்கி, முடியும்வரை ஆறுதலே வராத 88-ஆம் சங்கீதம் இவற்றைச் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். கடவுளிடம் இப்படியெல்லாம் பேசலாம் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஞாயிறு ஆலயத்துக்கு வருவது வீட்டு வழக்கம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் சபை வழக்கப்படி ஞானஸ்நானமோ, விசுவாசத்தைத் தன் வாயால் உறுதிசெய்யும் திடப்படுத்தலோ, அதற்கு அவன் தானாகச் சரி சொல்ல வேண்டும். கூட இருக்கிறவர்கள் எல்லாரும் இந்த வருஷம் எடுக்கிறார்கள், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் காரணமே இல்லை. தள்ளிப்போனால் போகட்டும். போதகரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அவனை அனுப்பாதீர்கள்.