சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வயது, பதவி பார்க்காமல் எல்லோரையும் ‘சாமி’ என்பது ஏன்? மேலாளரே அப்படிக் கூப்பிடும்போது கூச்சமாக இருக்கிறதே?

இந்தக் கார்த்திகையில்தான் முதல் தடவை மாலை போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும். மேலாளரை நீங்களும் ‘சாமி’ என்றே கூப்பிடுங்கள், தப்பில்லை.

மாலை கழுத்தில் ஏறியதுமே பெயர் போய்விடும். முதல் தடவை போகிறவர் கன்னிசாமி, கூட்டிப்போகிறவர் குருசாமி, பெண்கள் மாளிகைப்புரம். போனை எடுத்தால் ஹலோ கிடையாது, ‘சாமி சரணம்’தான். வைக்கும்போதும் அதேதான். திட்டுவதென்றாலும் “அறிவிருக்கா சாமி?” என்றுதான் திட்ட வேண்டும். எங்கள் குருசாமி அதில் கைதேர்ந்தவர்.

நான் பெரிய பக்திமான் இல்லை. மூன்று தடவைதான் மலைக்குப் போயிருக்கிறேன், அதிலும் ஒரு தடவை 41 நாள் விரதம் முழுசாக இல்லை. அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கம்பம் பக்கம். சீசனில் குமுளி போகிற வேன்களின் சரண கோஷம் ராத்திரி முழுக்கக் கேட்கும். ஆனால் அப்பாவுக்கு மலைக்குப் போகிற வழக்கமில்லை. திராட்சைத் தோட்டம்தான் அவருக்கு எல்லாம். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே அபூர்வம், எப்போதும் ‘டேய்’தான். 24 வயதில் மாலை போட்டேன். மறுநாள் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தால், திண்ணையிலிருந்து குரல்: “சாமி, காப்பி ஆறிப்போகுது, வாங்க.” யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அடுப்படியில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

இருமுடி கட்டும் அன்று அப்பா கைப்பிடி அரிசியை எடுத்துப் பையில் போட்டார். அப்புறம் குனிந்து என் காலைத் தொட வந்தார். பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டேன். குருசாமி அதட்டினார்: “காலை இழுக்காதீங்க சாமி. அவர் உங்களையா கும்பிடுறார்? மாலையைக் கும்பிடுறார்.” சரி என்று நின்றேன். எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

இது வெறும் வேஷம் என்று எழுத இங்கே நாலு பேர் வருவார்கள். வேஷம் போடுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. எங்கள் வரப்பை மூன்றடி வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட சித்தப்பா, அதே வருஷம் மாலையோடு எதிரே வந்து ‘சாமி சரணம்’ என்றார். நானும் சரணம் என்று திருப்பிச் சொன்னேன், வேறென்ன செய்வது? வரப்பு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அவரையும் சாமி என்று கூப்பிட்டதுதான் எனக்கு மலை ஏறியதைவிடக் கஷ்டம்.

சன்னிதானத்தின் முகப்பில் ‘தத்வமஸி’ என்று எழுதியிருக்கும். ‘அது நீயே’ என்று அர்த்தம். பதினெட்டாம் படியில் போலீஸ்காரர் தூக்கிவிட்ட வேகத்தில் முதல் தடவை நான் அதைக் கவனிக்கவே இல்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்கு ஒன்பது தடவை சொல்கிற வாக்கியம் அது என்று பிறகு படித்தேன். அப்பன் மகனைப் பார்த்துச் சொன்னது! எங்கள் அப்பாவுக்கு உபநிடதமெல்லாம் தெரியாது.

உங்கள் மேலாளர் மாலையைக் கழற்றிய பிறகும் ‘சாமி’ என்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நான் மலையிலிருந்து வந்து, வாசலில் தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்துக்குப் போட்டு அரை மணிநேரம்கூட ஆகவில்லை. கொல்லையிலிருந்து சத்தம் வந்தது: “டேய், மருந்தடிக்க ஆள் வந்தாச்சு. ட்ரம்முல தண்ணி பிடிச்சியா இல்லையா?”