காலையில் இருபது உதை, அப்புறம் டக் டக்: எஞ்சினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் இருப்பது 1970களின் தொடக்கத்தில் வந்த 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. பாயிண்ட் இக்னிஷன் (தொடுமுனைகள் திறந்து மூடி ஸ்பார்க் தரும் பழைய முறை), 12 வோல்ட் பேட்டரி, அமால் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர், ஆயிலுக்குத் தனி டேங்க். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறேன். காலையில் ஸ்டார்ட் ஆகப் பதினைந்து இருபது உதை ஆகிறது. நடுநடுவே கார்புரேட்டர் பக்கமாகப் "பட்" என்று வெடிக்கிறது. சூடான பிறகு ஒரே உதையில் எழுந்துவிடுகிறது. ஸ்டார்ட் ஆனதும் நாலைந்து நிமிடம் சிலிண்டர் பக்கம் "டக் டக்" என்று சத்தம், அப்புறம் குறைகிறது. போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். சூட்டில் ஒரே உதையில் எழும் எஞ்சினில் கம்ப்ரெஷனும் டைமிங்கும் பெரிய அளவில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. முதலில் ஸ்டார்ட்டிங்கைச் சரிசெய்யுங்கள். சத்தத்தை அதற்குப் பிறகு பார்ப்போம். இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

நாளைக் காலை பத்து உதை உதைத்தும் எழவில்லை என்றால், அந்த நிலையிலேயே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்தான் சொதப்புகிறது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் கார்புரேட்டரையும் காயிலையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பணத்தைத் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் வண்டியில் பிளக் காய்ந்திருக்கும் என்பது என் ஊகம். கார்புரேட்டர் வழியாக வெடிப்பது பெரும்பாலும் கலவையில் பெட்ரோல் குறைவு என்பதன் அடையாளம். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் கார்புரேட்டரில் டிக்லர் என்ற சின்ன பட்டன் இருக்கிறது. கார்புரேட்டரின் வெளிப்புறம் பெட்ரோல் கசிந்து விரலை நனைக்கும் வரை அதை அழுத்த வேண்டும். பலர் இரண்டு தட்டு தட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். உதைக்கும்போது ஆக்ஸிலேட்டரை நிறையத் திருகுவதும் தப்பு. கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு உயர்ந்துவிட்டால், ஸ்டார்ட்டிங்குக்கும் ஐட்லிங்குக்கும் பெட்ரோல் தரும் பைலட் துளையில் உறிஞ்சும் வேகம் போய்விடும். ஒரு மயிரிழை திறந்தால் போதும்.

டிக்லரைச் சரியாக அழுத்தியும் எழவில்லை என்றால் பைலட் ஜெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். கான்சென்ட்ரிக் கார்புரேட்டரில் இது கொஞ்சம் விஷமமான இடம். பக்கவாட்டில் இருக்கும் பைலட் ஏர் ஸ்க்ரூவின் துளைக்குள், ஆழத்தில், ஒரு சின்ன புஷ்ஷாக அழுத்தி வைத்திருப்பார்கள். கழற்ற முடியாது. வாரக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசினாகி முதலில் அடைப்பது அந்த இடத்தைத்தான். கார்புரேட்டரையே சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது அடைந்தே இருக்கும். நான் பயன்படுத்துவது கிடார் கம்பி. 0.016 இன்ச், அதாவது சுமார் 0.4 மி.மீ. தடிமன் உள்ளது. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாகக் கம்பியை விட்டால், முதலில் எதிலோ இடிக்கும். மெல்லத் திருகிக்கொண்டே தள்ளினால் "சடக்" என்று உள்ளே போகும். பிறகு கார்புரேட்டர் கிளீனரை அதே துளையில் அடியுங்கள். ஸ்லைடுக்கு அடியில் உள்ள இரண்டு ஊசித்துளைகளிலும் பீறிட்டு வர வேண்டும். ஒன்றில் வந்து மற்றொன்றில் வராவிட்டால் வேலை முடியவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது நேராக முகத்துக்குத்தான் வரும். ஸ்க்ரூவை மறுபடி மென்மையாக முழுக்க உள்ளே விட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வையுங்கள். நுணுக்கமான செட்டிங் எஞ்சின் சூடான பிறகு.

கார்புரேட்டர் கையில் இருக்கும்போதே ஹெட்டோடு சேரும் அதன் முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நட்டை அளவுக்கு மீறி முடுக்கியதால் அந்த முகம் வாழைப்பழம் போல் வளைந்திருப்பது இந்தக் கார்புரேட்டரில் ரொம்ப சகஜம். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து கலவையைக் கெடுக்கிறது என்று அர்த்தம். சமதளக் கண்ணாடி மேல் எமரி தாளை வைத்துத் தேய்த்து நேராக்கி, புது ஓ-ரிங் போட்டு, அளவாக முடுக்குங்கள்.

பிளக் நனைந்திருந்தால் முதலில் பேட்டரி. வாரக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு ஆல்டர்னேட்டர் அதை ஓரளவு ஏற்றிவிடும். சூட்டில் ஒரே உதையில் எழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.0க்குப் பக்கத்தில் என்றால் கிட்டத்தட்டக் காலி. பாயிண்ட் முகங்களை ஒரு கெட்டித்தாளால் துடைத்து, ஃபீலர் கேஜில் இடைவெளி பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பொதுவாக 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்டில் பள்ளமும் மேடுமாக எரிந்திருந்தால் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள். வெளியே வைத்துப் பார்க்கும்போது ஸ்பார்க் வருகிறதே என்று திருப்திப்படாதீர்கள். திறந்த காற்றில் தாவும் மெலிந்த மஞ்சள் பொறி கம்ப்ரெஷனுக்குள் செத்துப்போகும்.

உதைப்பதற்கு முன் ஆயில் டேங்கையும் எட்டிப் பாருங்கள். தனி டேங்க் உள்ள எஞ்சின்களில், நிறுத்தி வைத்த வாரங்களில் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸில் இறங்கிவிடும். அப்போது கிக்கர் கனக்கும், ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை தள்ளும். டேங்கில் குறைந்திருக்கிறதே என்று மேலே ஊற்றிவிடாதீர்கள். கீழே கிராங்க்கேஸின் டிரெயின் பிளக்கைத் திறந்து எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, இப்போது சத்தம். இருபது உதை உதைக்கும்போது எரியாத பெட்ரோல் எங்கே போகிறது? சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாகக் கீழே இறங்குகிறது. படலம் இல்லாத சுவரில் பிஸ்டன் அடிக்கும் சத்தம் கூடுதலாகவே கேட்கும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் ஆயிலே நீர்த்துவிடும். டிரெயின் செய்த ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் மொத்த ஆயிலையும் மாற்றுங்கள். ஸ்டார்ட்டிங் சரியாகி, புது ஆயிலும் ஊற்றிய பிறகு கேட்கிற சத்தம்தான் எஞ்சினின் உண்மையான சத்தம். அதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும் குளிரில் மந்தமாக ஒரு தட்டல் இருந்து, சூட்டில் மறைந்தால் அது பிஸ்டன் ஸ்லாப், அதாவது தளர்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிக்கும் சத்தம். அலுமினியம் வார்ப்பிரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். குளிரில் தளர்வாக இருக்கும் பிஸ்டன் சூட்டில் போரை நிறைத்துக்கொள்கிறது. புகை இல்லை, ஆயில் குறையவில்லை என்றால் அதோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். சூடாக்க வேண்டும் என்று நின்ற இடத்தில் முறுக்காமல், நிதானமாக ஓட்டிச் சூடாக்குங்கள்.

குளிரில் கேட்டுச் சூட்டில் மறையும் இன்னொரு சத்தம் உண்டு. ஹெட்டில் சைலன்சர் பைப் சேரும் இடத்தில் புகை கசிந்தால் "டிக் டிக்" என்று அச்சு அசலாக டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) மாதிரியே கேட்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைந்துவிடும். ஒருமுறை இதை டேப்பட் என்று நம்பி நானே ராக்கர் பாக்ஸைப் பிரித்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த இணைப்பைச் சுற்றி கரி படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிஜமான டேப்பட் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதித் தாளத்தில் வரும், ஏனென்றால் கிராங்க் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்று. நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை ராக்கர் கவர், சிலிண்டர், பிரைமரி கேஸ் (கிளட்ச் இருக்கும் பெட்டி) என ஒவ்வொன்றிலும் ஊன்றிக் கேளுங்கள். கிளட்ச் லிவரைப் பிடித்ததும் சத்தம் மாறினால் எஞ்சினுக்கு மேல்பாகத்தில் தேட வேண்டாம், கிளட்ச் பக்கம் போங்கள்.

எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டிய சத்தம் இவற்றுக்கு நேர்மாறானது. குளிரில் அமைதியாக இருந்து, ஆயில் சூடாகி இளகிய பிறகு, மேட்டில் இழுக்கும்போது அடியிலிருந்து "தொம் தொம்" என்று கனமாக வரும். அது பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் இடத்து பேரிங். அப்படிக் கேட்டால் வீடு வரைகூட ஓட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ வாருங்கள். ஹெட்டையும் சிலிண்டரையும் எடுத்த பிறகு கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. அந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைக் காட்டி யாராவது கிராங்க் போய்விட்டது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.