சர்க்கரை குறையும்வரை பல் வலியைப் பொறுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 61. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு நாட்களாகக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி. நேற்று முதல் கன்னமும் வீங்கியிருக்கிறது. இன்று வெறும் வயிற்றில் சர்க்கரை 260. அது குறைந்த பிறகுதான் பல்லில் கை வைக்க வேண்டும் என்கிறார்கள் உறவினர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்து ஒரு வாரம் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்திய பிறகு வாருங்கள் என்பது, செயற்கைப் பல் பதிப்பது போன்ற அவசரமில்லாத சிகிச்சைகளுக்குச் சொல்லப்படுவது. அதைச் சீழ் பிடித்த பல்லுக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் தவறு நேர்கிறது. கிருமித் தொற்றின்போது கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரந்து இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், போன வாரம் வரை போதுமானதாக இருந்த மாத்திரை இப்போது போதாமல் போகிறது. ஏறிய சர்க்கரையோ கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களை மந்தமாக்குகிறது. உங்கள் தாயாரின் 260-க்கு அந்தப் பல்லே காரணமாக இருக்கக்கூடும். அப்படியானால், சீழை உள்ளே வைத்துக்கொண்டு சர்க்கரை இறங்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மிச்சமிருக்கும் மாத்திரையும் இதற்குத் தீர்வாகாது. சீழ் கட்டிய இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் மருந்து அங்கே போதிய அளவில் சென்று சேராது. வேர்க்குழாயைத் திறந்தோ, ஈற்றில் சிறு கீறலிட்டோ, பல்லையே எடுத்தோ சீழுக்கு வழிவிட வேண்டும். ஆன்டிபயாட்டிக் அதற்குத் துணை மட்டுமே. அதிலும் கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள், கிளிமிபிரைடு வகை சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவராக இருந்தால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கன்னத்தில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

பல் எடுக்கப் போகிறோம் என்று பட்டினியாக அழைத்துச் செல்லும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவதானால், வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டே போக வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சிகிச்சை நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். வலியால் சாப்பிடவே முடியவில்லையென்றால், எந்த மாத்திரையை நிறுத்தலாம் என்று அவருடைய சர்க்கரை நோய் மருத்துவரைக் கேளுங்கள். குறிப்பாக, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் தொற்றோடு பட்டினியும் கிடந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் ஆபத்தான அளவுக்குக் கூடிவிடக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், அதை நீங்களாக நிறுத்தாமல் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துச் சீட்டும் குளுக்கோமீட்டரும் கையில் இருக்கட்டும்.

சிகிச்சைக்குப் பின் வாய் சில மணி நேரம் மரத்திருக்கும். அப்போது மென்று சாப்பிட்டால் உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்வார். ஆறிய நீராகாரமே நல்லது. கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ இறங்கினாலும், வாயில் இரண்டு விரல் நுழையாத அளவுக்குத் தாடை இறுகினாலும், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலும், குரல் மாறினாலும், மூச்சுத் திணறினாலும் பல் மருத்துவமனைக்கு அல்ல, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே நேராகச் செல்லுங்கள். வாந்தி, அரைமயக்கம், ஆழ்ந்த வேகமான மூச்சு ஆகியவை இருந்தாலும் அப்படியே.

சீழ் வெளியேறிய பிறகு, அடுத்த சில நாட்களில் சர்க்கரை தானாகவே குறையத் தொடங்கலாம். தொற்றுக்காக மருந்தின் அளவைக் கூட்டியிருந்தால், அதை மீண்டும் குறைக்க வேண்டியிருக்கும். எனவே அந்த நாட்களில் தினமும் பார்த்துக் குறித்துவைத்து, அந்தக் கணக்கோடு மருத்துவரைச் சந்தியுங்கள்.