1968 போன்டியாக் ஜி.டி.ஓ.: 600 ஹார்ஸ்பவர் கேட்பவருக்கு

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். 1968 போன்டியாக் ஜி.டி.ஓ. கார் ஒன்று வாங்கினேன். 400 கன அங்குல எஞ்சின், ஆட்டோமேட்டிக், ஏ.சி. உண்டு. புகை தள்ளுகிறது, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்குவதுதான் இறக்குகிறோம், 600 ஹார்ஸ்பவருக்கே கட்டிவிடலாமா? பங்க் பெட்ரோலில் ஓட வேண்டும், சனி ஞாயிறு குடும்பத்தோடு போய்வர வேண்டும். ஒருவர் போன்டியாக்கின் 455 கன அங்குல எஞ்சின் தேடு என்கிறார், இன்னொருவர் ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8 ஆன எல்.எஸ். போட்டுவிடு என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: 600 கட்டலாம், கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்வியில் 600-ஐ அடித்துவிட்டு மீதியைப் படித்தால், உங்களுக்கு வேண்டியது 480 முதல் 500 ஹார்ஸ்பவர் தரும் எஞ்சின் என்றுதான் எனக்குப் படுகிறது. 3,000 ஆர்.பி.எம்.மிலேயே 500 பவுண்ட்-அடிக்கு மேல் டார்க் (சுழற்றும் விசை) கொடுத்தால் அந்த கார் பயங்கரமாகப் போகும். கூடவே ஏ.சி. ஓடும், சிக்னலில் அணையாது.

1968-இல் விற்பனைத் தாளில் இந்த எஞ்சினுக்கு 350 ஹார்ஸ்பவர், 445 பவுண்ட்-அடி என்று போட்டிருந்தார்கள். அது அந்தக் காலத்து ‘கிராஸ்’ கணக்கு: ஏர் கிளீனர், ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மேடையில் வைத்து எடுத்த எண். 1972-இலிருந்து எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் ‘நெட்’ கணக்கு வந்தது. எல்லா கம்பெனிகளின் எண்களும் ஒரே அடியில் சரிந்தன. ஆக, உங்கள் கார் புதிதாக இருந்தபோதும் உண்மையில் 350 கிடையாது. அங்கிருந்து 480 என்பது சின்னத் தாவல் இல்லை.

600 ஏன் வேறு ஜாதி என்பதற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும். டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் ஹார்ஸ்பவர். 5,200 ஆர்.பி.எம்.மில் 505 பவுண்ட்-அடி இருந்தால் 500 ஹார்ஸ்பவர் வந்துவிடும். 600 வேண்டுமானால் 6,000 ஆர்.பி.எம்.மில் 525 பவுண்ட்-அடி நிற்க வேண்டும். உச்சியில் அவ்வளவு மூச்சு வாங்க பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) வேண்டும். பெரிய கேம் போட்டால் ஐடிலிங்கில் எஞ்சினின் உறிஞ்சும் அழுத்தம், அதாவது வாக்குவம், விழும். வாக்குவம் விழுந்தால் பிரேக் பூஸ்டர் உதவாமல் பெடல் இறுகும், ஏ.சி. ஃபிளாப்புகள் சொன்ன பேச்சு கேட்காது. 68 ஜி.டி.ஓ.வில் மறையும் ஹெட்லைட் ஆப்ஷன் உள்ள காராக இருந்தால் அந்த மூடிகளும் வாக்குவத்தில்தான் திறக்கும். ராத்திரியில் அது பாதி திறந்து நிற்பது வேடிக்கையாக இருக்காது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பிளாக்கைப் படியுங்கள். 1968 மாடலிலிருந்து காரின் வின் எண்ணின் (ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்) ஒரு பகுதியை எஞ்சின் பிளாக்கின் முன்பக்கத்திலேயே அடித்திருப்பார்கள். டேஷ்போர்டில் இருக்கும் எண் 242 என்று தொடங்கி, அதன் கடைசிப் பகுதி பிளாக்கிலும் அப்படியே இருந்தால், உங்களிடம் இருப்பது பிறந்த எஞ்சினோடு வந்த உண்மையான ஜி.டி.ஓ. அந்த பிளாக்கை போர் அடிக்காதீர்கள், அதாவது சிலிண்டர்களைக் குடைந்து பெரிதாக்காதீர்கள். எண்ணெய் தடவி, மூடி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வேறொரு 400 பிளாக்கை வாங்கிக் கட்டுங்கள். ஒரு சிலிண்டர் வெடித்தாலும் போவது வாங்கிய பிளாக்காக இருக்கட்டும். 60களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் வார்த்த 400 பிளாக் நல்லது. 70களின் நடுவில் வந்த, 500557 என்ற வார்ப்பு எண் உள்ள பிளாக் மலிவாகக் கிடைக்கும். அதிக பவருக்கு அதைத் தொட வேண்டாம்.

455 தேடச் சொன்னவர் பழைய பழக்கத்தில் சொல்லியிருப்பார். 4.25 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள கிராங்க்‌ஷாஃப்ட்டை 400 பிளாக்குக்கே பொருந்தும்படி இப்போது செய்து விற்கிறார்கள். 4.12 அங்குல போரை (சிலிண்டரின் விட்டத்தை) 4.155 ஆக்கி இந்த கிராங்க்கைப் போட்டால் 461 கன அங்குலம். 455-இன் மெயின் ஜர்னல் (கிராங்க்கில் பேரிங் மேல் உட்காரும் பகுதி) 3.25 அங்குலம், 400-இல் 3 அங்குலம்தான். சின்ன ஜர்னல் என்றால் பேரிங்கில் வேகம் குறைவு, பிளாக்கில் அந்த இடத்தில் இரும்பும் கூடுதல். போன்டியாக்கில் 326 முதல் 455 வரை எல்லா வி8-க்கும் வெளி உருவம் கிட்டத்தட்ட ஒன்றே. பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு உள்ளே 461 இருப்பது தெரியாது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் பழைய கனெக்டிங் ராடுகளை மட்டும் திரும்பப் போடவே கூடாது. அவை வார்ப்பில் செய்தவை; போன்டியாக் எஞ்சின் உடைந்த கதைகளில் பாதி அங்கேதான் தொடங்கும். 461 கிட்டில் 6.8 அங்குல நீளமுள்ள ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) ராடுகள் வரும், அவற்றைப் போடுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது. தெரு எஞ்சின்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடும், அதனால் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். 461-இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 944 சி.சி. உங்கள் காரோடு வந்த 16 எண் ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) சேம்பர், அதாவது எரியறை, ஏறத்தாழ 72 சி.சி. பிஸ்டன் தலையில் வால்வுக்கான வெட்டு 6 சி.சி., கேஸ்கட் 9.3, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது டெக்குக்கு (பிளாக்கின் மேல்தளம்) கீழே இருக்கும் இடம் 1.1. எல்லாம் சேர்ந்து 88.4. 944-ஐயும் இதையும் கூட்டி 88.4-ஆல் வகுத்தால் 11.7. பங்க் பெட்ரோலில், ஹூஸ்டன் ஜூலை மாதத்தில், ஏ.சி. போட்டுக்கொண்டு 11.7-க்கு 1 என்றால் பிஸ்டன் ‘கட கட’ என்று பேச ஆரம்பிக்கும். அந்த நாக்கிங் சத்தத்தோடு ஓட்டினால் ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங்கைத் தாங்கும் விளிம்பு) உடையும், பிஸ்டன் ஓட்டையாகும். புதிதாக இருந்தபோதே 10.75 கம்ப்ரஷன் என்று விற்ற எஞ்சின் இது. அன்றைக்கு ஈயம் கலந்த பிரீமியம் பெட்ரோல் இருந்தது.

இப்போது அதே கணக்கில் 87 சி.சி. சேம்பர் உள்ள அலுமினிய ஹெட்டை வைத்துப் பாருங்கள். மொத்தம் 103.4, கம்ப்ரஷன் 10.1. அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்திவிடும் என்பதால் 93 ஆக்டேன் பெட்ரோலில் 10.1 நிம்மதியாக ஓடும். இரும்பு ஹெட்டே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 9.3-க்கு மேல் போகாதீர்கள். அதற்கு 72 சி.சி. ஹெட்டோடு 32 சி.சி. அளவுக்குக் குழிவான பிஸ்டன் வேண்டும். (அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் 93 இரண்டு விதமான அளவைகளின் சராசரி, இந்தியாவில் எழுதும் கணக்கில் அது 98-ஐ ஒட்டி வரும். கலிபோர்னியாவில் இதே எஞ்சினைக் கட்டினால் 91-க்குத்தான் கட்ட வேண்டும்.) எதைத் தேர்ந்தாலும் பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளியே இருக்கட்டும். கம்ப்ரஷனைக் குறைக்கிறேன் என்று தடித்த கேஸ்கட் போட்டு அந்த இடைவெளியைக் கூட்டினால் நாக்கிங் குறைவதற்குப் பதில் கூடும்.

அலுமினிய ஹெட்டுக்கு இன்னொரு காரணம் காற்று. காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் 28 அங்குல நீர் அழுத்தத்தில் இன்டேக் போர்ட் இழுக்கும் சி.எஃப்.எம்.மை (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பதை) 0.257-ஆலும், பிறகு சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கினால் அந்த ஹெட் தாங்கக்கூடிய பவரின் உச்சவரம்பு கிடைக்கும். கை வைக்காத பழைய ஹெட் 210 இழுத்தால் வரம்பு சுமார் 430. 260 இழுக்கும் ஹெட் என்றால் 535. எல்லாம் கச்சிதமாக அமைந்தால்தான் வரம்பைத் தொட முடியும் என்பதால் 500-க்கு இது போதுமான இடம் வைக்கிறது. 600-க்கு 290-க்கு மேல் இழுக்க வேண்டும், அதாவது ஹெட்டை போர்ட்டிங்குக்கு (காற்று வழியைக் குடைந்து அகலப்படுத்த) அனுப்பி இன்னொரு பெரிய பில் கட்ட வேண்டும்.

கேம் விஷயத்தில், லிஃப்டரில் உருளை வைத்த ஹைட்ராலிக் ரோலர்தான். பழைய பாணி ஃபிளாட் டாப்பட் விலை குறைவு, ஆனால் துத்தநாகம் குறைந்த இன்றைய எண்ணெயில் முதல் அரை மணி நேர பிரேக்-இன்னிலேயே லோப் (கேமின் மேடு) தேய்ந்து இரும்புப்பொடி எஞ்சின் முழுக்கப் பரவும் ஆபத்து உண்டு. கேட்டு வாங்க வேண்டிய கேமின் அளவு (வால்வு திறந்திருக்கும் டிகிரி): 0.050 அங்குல லிஃப்டில் இன்டேக் 230 டிகிரி, எக்ஸாஸ்ட் 236 அல்லது 238, லோப் இடைவெளி 112. இதே கேம் 400-இல் கொஞ்சம் முரடாகத் தெரியும். 461-இல் அடங்கிவிடும், பிரேக்குக்கு வேண்டிய வாக்குவமும் இருக்கும். ரோலர் கேம் போடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் கியர் அந்தக் கேமின் உலோகத்துக்கு ஏற்றதுதானா என்று கேம் விற்பவரிடமே கேளுங்கள். பழைய எஞ்சினின் டைமிங் கியரில் நைலான் பற்கள் இருக்கும். அவை உடைந்து ஆயில் பம்ப் சல்லடையில் போய் அடைத்திருக்கும், எஞ்சினைப் பிரிக்கும்போது பாருங்கள். புதியது ஸ்டீல் ரோலர் செயினாக இருக்கட்டும். வால்வை அமுக்கும் ராக்கரைப் பிடித்திருக்கும் ஸ்டட்களும் போன்டியாக்கில் நடுவில் இடுப்பு குறுகிய வகை. அவற்றை நேரான 7/16 அங்குல ஸ்டட்டாக மாற்றுங்கள்.

கார்புரேட்டருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். 461-ஐ 5,500 ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் 734 சி.எஃப்.எம்., தெரு எஞ்சினின் நிரம்பும் திறனைக் கணக்கில் எடுத்தால் அதுவும் 660 பக்கம்தான். உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கும் ரோசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரே 750 சி.எஃப்.எம். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்து ஜெட், ராட் மாற்றினால் தீர்ந்தது. எக்ஸாஸ்ட்டுக்கும் இதே சிக்கனம் செல்லும். நீளமான ஹெடர்கள் (சிலிண்டருக்கு ஒன்றாக வரும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) பத்து இருபது ஹார்ஸ்பவர் கூடத் தரும். பதிலுக்கு ஸ்டார்ட்டரை வேகவைக்கும், கேஸ்கட் ஒழுகும், ஸ்பீட் பிரேக்கரில் உரசும். போன்டியாக்கின் அந்தக் கால ராம் ஏர் எஞ்சின் பாணியில் இன்று வார்க்கப்படும் இரும்பு மேனிஃபோல்டும் இரண்டரை அங்குல இரட்டைக் குழாயும் எனக்குப் போதும்.

இப்படி மிச்சம் பிடித்த காசெல்லாம் மெஷின் ஷாப்புக்குப் போகட்டும். போன்டியாக் கட்டிப் பழகிய ஷாப் வேண்டும். செவ்ரோலே மட்டும் தெரிந்தவர் நல்லவராகவே இருந்தாலும் இங்கே தடுமாறுவார். முதலில் பிளாக்கைக் கழுவி விரிசல் சோதனை, பிறகு அல்ட்ராசவுண்டில் சிலிண்டர் சுவரின் கனம். இது முடிந்த பிறகுதான் பிஸ்டன் ஆர்டர் செய்ய வேண்டும், முன்னால் வாங்கி வைத்துக்கொண்டு பிளாக்கை அதற்கு இழுக்கக் கூடாது. மெயின் கேப்புக்குப் புது ஸ்டட் போட்டால் அலைன் ஹோனிங் (கிராங்க் உட்காரும் துளைகளை ஒரே நேராகத் தீட்டுவது) கட்டாயம். சிலிண்டர் ஹோனிங்கின்போது டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் கனத்த தகடு) மாட்டச் சொல்லுங்கள். ஹெட் இறுகும்போது சிலிண்டர் எப்படி வளையுமோ அந்த நிலையிலேயே ஹோன் செய்தால்தான் ரிங் உட்காரும். கிராங்க், ராட், பிஸ்டன் எல்லாம் சேர்த்து பேலன்ஸ் செய்த சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் ஒருமுறை ரிங் இல்லாமல் பூட்டிச் சுழற்றி ராட் எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். “அதெல்லாம் வேண்டாம் சார், கிட் கரெக்ட்டா வரும்” என்று சொல்லும் ஷாப்பிலிருந்து பிளாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஹூஸ்டன் வெயிலுக்குப் போன்டியாக்கில் ஒரு தனி வைத்தியம் உண்டு. வாட்டர் பம்புக்குப் பின்னால் டைமிங் கவருக்குள் ஒரு தகடு நிற்கும். உங்கள் 68-இல் எட்டு போல்ட் பம்ப். 69-இலிருந்து பதினொன்று, இரண்டும் மாற்றிப் பொருந்தாது. அந்தத் தகட்டுக்கும் பம்பின் இம்பெல்லருக்கும் நடுவே இடைவெளி அதிகமானால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகாமல் அங்கேயே சுற்றும். தகட்டை மெல்ல வளைத்து, உரசாத அளவுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். பெரிய ரேடியேட்டர் வாங்கியும் சூடு குறையவில்லை என்று புலம்புகிற பலருக்கு வியாதி இந்த இடத்தில்தான். ஃபேனைச் சுற்றியுள்ள மறைப்பை (ஷ்ரவுடை) கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

எல்.எஸ். போடச் சொன்ன நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2008 கார்வெட்டில் வந்த எல்.எஸ்.3, நெட் கணக்கிலேயே 430. அலுமினிய பிளாக், கார்புரேட்டர் தொல்லை கிடையாது. தினமும் ஆபீஸுக்கு ஓட்டப் போகிறீர்கள் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வயரிங், பெட்ரோல் டேங்க், ஏ.சி. பிராக்கெட், ஆயில் பேன் என்று செலவு ஒவ்வொன்றாக வரும், முடிவில் 461-ஐ விட மிச்சம் பெரிதாக இருக்காது. பானெட்டைத் திறந்தால் போன்டியாக் இருக்காது என்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாது, எனக்கு முக்கியம்.

எஞ்சினுக்குப் பின்னால் இருப்பதற்கும் காசு ஒதுக்குங்கள். டர்போ ஹைட்ராமேட்டிக் 400 கியர்பாக்ஸ் இந்த டார்க்கைத் தாங்கும், கிளட்ச் தட்டுகளைப் புதுப்பித்தால் போதும். பின் ஆக்ஸிலில் இருக்கும் 8.2 அங்குல பத்து போல்ட் டிஃபரன்ஷியல் தாங்காது; ஒட்டும் டயர் போட்டு ஒரு நாள் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பல் போய்விடும். பன்னிரண்டு போல்ட் ஹவுசிங் அல்லது ஃபோர்டின் 9 அங்குலம் வாங்கும்போது 3.08 அல்லது 3.23 விகிதம் போதும். 26 அங்குல டயரில் மணிக்கு 70 மைல் போனால் 3.08-இல் எஞ்சின் 2,800-க்குள் இருக்கும், 3.90-இல் 3,500-இல் கத்தும். ஹைவேயில் மனைவி குழந்தைகளோடு பேச வேண்டாமா?

அப்புறம், 68 ஜி.டி.ஓ.வில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான் ஸ்டாண்டர்ட், முன் டிஸ்க் கேட்டால்தான் போட்டார்கள். உங்கள் கார் எது என்று எழுதவில்லை. டிரம்மாக இருந்தால் முன்பக்க டிஸ்க் கிட் மாட்டுவதையும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரின் (பிரேக் எண்ணெயைத் தள்ளும் பம்ப்) நிலைமையைப் பார்ப்பதையும் எஞ்சின் ஷாப்பில் இருக்கும் நாட்களிலேயே முடித்துவிடுங்கள். எஞ்சின் இல்லாத காரில் அந்த வேலைக்கு இடமும் தாராளம்.