தவளை வாயால் தண்ணீர் குடிக்காது: மழைக்காலக் கேள்வி பதில்

மழை பிடித்ததும் தவளையைப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

முதலையும் ஆமையும் தண்ணீரிலும் தரையிலும் வாழ்கின்றன. அவை ஏன் நீர்நில வாழ்வன இல்லை? (பள்ளி மாணவி)

பெயர்தான் குழப்புகிறது. இருக்கும் இடத்தை வைத்துப் பிரித்தால் எருமையையும் சேர்க்க வேண்டிவரும்! தோலையும் முட்டையையும் பாருங்கள். முதலைக்குச் செதில் உண்டு, முட்டைக்கு ஓடு உண்டு. தவளைக்கு இரண்டும் இல்லை. தோல் ஈரமாக இருக்க வேண்டும், வழவழப்பான முட்டையும் காயக் கூடாது. நீர்நில வாழ்வன வகுப்பில் 8,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை தவளை, தேரைகள். மீதி, வாலுள்ள சாலமாண்டர்களும் காலே இல்லாத சிசிலியன்களும். சாலமாண்டரைப் பார்க்க நீங்கள் டார்ஜிலிங் பக்கம் போக வேண்டும், தென்னிந்தியாவில் கிடையாது.

தேரை மோந்தால் தேங்காய் ஒல்லியாகிவிடும் என்கிறார்களே?

பாவம் தேரை. மரத்துக்குச் சத்து போதாமல் போனாலோ, மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காவிட்டாலோ காய் அப்படி ஆகும்.

வால்பாறையில் மண் கொத்தும்போது மண்புழு மாதிரி வளையம் வளையமாக, ஆனால் முழ நீளத்துக்கு ஒன்று வந்தது. பாம்புக்குட்டி என்று அடித்துவிட்டார்கள். அது என்ன?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிசிலியனாகத்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமண்ணுக்குள் வாழும் பிராணி. மண்புழுவுக்கு இல்லாத தாடையும் பல்லும் இதற்கு உண்டு. பாம்புக்கு இருக்கும் வெளிச்செதில் இதற்குக் கிடையாது. கண் தோலுக்கு அடியில் மங்கிக் கிடக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் சிறு உணர்கொம்பால்தான் மண்ணுக்குள் இரை தேடும். மண்புழுவும் கரையானும் அதன் சாப்பாடு. இக்தியோபிஸ் என்ற வகையில் தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்துக் காவல் காக்கும். நம் ஊரில் பாம்பு என்று நினைத்தே இதைக் கொன்றுவிடுகிறார்கள். அடுத்த முறை மண்ணோடு சேர்த்து அள்ளி ஓரமாக விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் தவளைக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். குடிக்கவே இல்லை, உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அதுதான் குடிப்பது! அடிவயிறும் தொடைப் பக்கத் தோலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவாசத்தில் ஒரு பங்கும் தோல் வழியாகவே நடக்கிறது. வசதிதான், ஆனால் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. வயலில் தெளிக்கும் மருந்தும் அதே வழியாக உள்ளே போகும். உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சையும் தோலைத்தான் பிடிக்கிறது. தோல் வழியாக உப்புகள் போய்வருவது கெட்டு, கடைசியில் இதயம் நின்றுபோகும். அந்தப் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் வைத்ததே 1999இல்தான். சோப்பு, கிரீம் பூசிய கையால் தவளையைத் தொடாதீர்கள். உப்பைத் தூவி விரட்டுவதும் கொடுமை.

அப்படியானால் கடலில் தவளையே இல்லையா?

நடுக்கடலில் இல்லை. ஆனால் தென்கிழக்காசிய அலையாத்திக் காடுகளில் நண்டுண்ணித் தவளை ஒன்று உவர்நீரைச் சமாளிக்கிறது. உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொண்டு உப்பை ஈடுகட்டுகிறது.

எல்லாத் தவளையும் தலைப்பிரட்டையாகத்தான் பிறக்குமா?

இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் பலவற்றில் முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் முடிந்து, நகத்தளவு குட்டித் தவளை வெளியே வரும். களக்காடு முண்டந்துறைக் காட்டில் ஒரு வகை, கணுக்களுக்கு நடுவே சிறு துளை விழுந்த ஈற்றை என்ற மூங்கிலைத் தேடிப் பிடித்து அதற்குள் முட்டையிடுகிறது. ஆண் உள்ளேயே இருந்து காக்கும். குளமும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். ஈற்றைக்குள் இருக்கும் ஈரமே போதும். மூங்கில் வெட்டுகிறவர்கள் கணுவுக்குள் தவளை இருப்பதை எங்கே எதிர்பார்ப்பார்கள்?

நாய் தேரையைக் கடித்துவிட்டு நுரை தள்ளுகிறது. என்ன செய்வது?

தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயைக் கழுவிவிடுங்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் வரும் பால் நஞ்சு. ஆனால் தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது பொய், மரு வைரஸால் வருவது.

நுணலும் தன் வாயால் கெடும் என்கிறோமே, நுணல் என்பது எது?

மணலுக்குள் புதைந்து கிடக்கும் தவளை. அப்படி மண்ணுக்குள் போகிறவை நம்மிடம் நிறைய. உச்சம் ஊதாத் தவளை. கேரளத்து இடுக்கியிலிருந்து 2003இல்தான் உலகுக்கு அறிமுகமானது. அதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பது செய்ஷெல்ஸ் தீவுகளில்! 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இன்னொரு வகை ஊதாத் தவளையை அடையாளம் கண்டு, மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆண்டில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும். மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள் கரையான் தின்றுகொண்டிருக்கும். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குத் துணை கிடைக்காதே. ஆண் மண்ணுக்கு அடியிலிருந்தே கத்தும்.